சுவருக்கு அந்தப் பக்கத்து இருமல்

அன்பினால் செய்யவில்லை,
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லுப்ளினில் நவம்பர்.
இரவு இரண்டரைக்கு எழுந்து
ரொட்டிக்கடை அடுப்பை மூட்டுகிறவள் நான்.
ஒன்பதுக்குத் தலை சாய்த்தால்
ஒன்பது பத்துக்கு
பதினைந்தாம் எண் வீடு இரும ஆரம்பிக்கும்.

விட்டோல்ட். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்.
எங்கள் கட்டடத்து லிஃப்ட்
மார்ச் மாதத்திலிருந்து அசையவில்லை.
கேட்டதற்கு, "அது வேறு கம்பெனி" என்றார்.
அன்றோடு பேச்சு நின்றது.

சுவர் ஒரு செங்கல் கனம்.
அவர் இருமினால்
என் கட்டிலுக்கு நெஞ்சு வலிக்கும்.
பழைய டிராக்டரை யாரோ
கிளப்பிப் பார்த்து, கிளப்பிப் பார்த்து,
வயலிலேயே விட்டுப் போவதுபோல்
வறட்டு இருமல்.
எண்ணிக்கொண்டே கிடந்தேன்.
நாற்பத்தொன்றில் எழுந்துவிட்டேன்.

பெரிய வெங்காயம் இரண்டு, வட்ட வட்டமாக.
அதன்மேல் சர்க்கரை, அதன்மேல் வெங்காயம்,
வெள்ளரி ஊறுகாய் தீர்ந்த ஜாடியில்.
ஹீட்டர்மேல் வைத்தேன்.
சர்க்கரை பட்ட வெங்காயம்
யாரும் திட்டாமலே அழும்.
வேலை முடிந்து வந்து பார்த்தால்
பாதி ஜாடி மஞ்சள் பாகு.

அவர் வாசலில் வைத்தேன், ஒரு சீட்டோடு:
"ஒரு ஸ்பூன். மூன்று வேளை.
எனக்குத் தூங்க வேண்டும்."

அன்றிரவு
மூடி திறக்கும் சத்தம் கேட்டது.
மோந்து பார்க்கும் சத்தம்கூட, சத்தியமாக.
பிறகு ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு ஸ்பூன்.
பிறகு, டிராக்டர்.

மூன்று நாளில் மாடிப்படி முழுக்க வைத்தியர்கள்.
மூன்றாம் மாடி கிங்கா
உலர்ந்த ராஸ்பெர்ரியைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தாள்.
"வேர்க்கணும். வேர்த்தால்தான் இறங்கும்."
கீழ்வீட்டு ஜெரோனிம் லிண்டன் பூ கொடுத்தார்,
ராஸ்பெர்ரி ஏமாற்று என்றார்.
வாத்துக் கொழுப்பை நெஞ்சில் தேய்க்கச் சொல்லி
ரொட்டிக்கடையிலிருந்து ஒரு டப்பா,
என் கையில்.
பூண்டு தட்டிப் போட்ட பால்
யார் வைத்ததென்று தெரியவில்லை.
ஆறி, ஆடை கட்டி,
ஒரு பூனை மட்டும் அதை மோந்துவிட்டு
அவமானப்பட்டதுபோல் நடந்தது.

மருந்தகத்துப் பெண் சிரித்தாள்:
"மருந்து தின்றால் ஒரு வாரம்,
தின்னாவிட்டால் ஏழு நாள்."

ஏழாம் நாள் இரவு.
ஒன்பது பத்து.
ஒன்பது இருபது.
பத்து.

இப்படி ஒரு அமைதிக்குத்தானே
வெங்காயம் அரிந்தேன்?
தூக்கம் வரவில்லை.
காதைச் சுவரில் வைத்தேன்.
வாத்துக் கொழுப்பு மூச்சை அடைத்திருக்குமா?
ஒருவேளை வெங்காயத்தைப்
பூண்டுப் பாலோடு சேர்க்கக் கூடாதோ?
ஒரு பாட்டிலின் பின்பக்கமும்
எனக்கு இதைச் சொல்லவில்லையே.
லிஃப்ட் இல்லாத கட்டடம்;
ஐந்து மாடி, ஸ்ட்ரெச்சர் திரும்பாத திருப்பம்.

விரல்முட்டியால் இரண்டு தட்டு.

நெடுநேரம் கழித்து
அங்கிருந்தும் இரண்டு தட்டு,
தூக்கக் கலக்கத்தில், எரிச்சலோடு,
உயிரோடு.

போர்வையை இழுத்தேன்.
மூக்கின் உள்ளே எறும்பு ஊர்ந்தது.
தும்மினேன்,
கட்டில் சுவரில் இடிக்கும்படி.

"நூறு வயசு!" என்றது சுவர்.
இங்கே தும்மினால் அப்படியும் வாழ்த்துவார்கள்.
இன்னொரு தும்மல்.
சற்று யோசித்து,
"இருநூறு."
மூன்றாவதற்கு
கணக்கை நிறுத்திக்கொண்டு
அவர் எழுந்து நடக்கும் சத்தம்,
இழுப்பறை, கத்தி, பலகை.

விடிய இரண்டரைக்கு
கண் எரிய, தொண்டை முள்ளாகக் கதவைத் திறந்தேன்.
வாசலில் என் ஜாடி.
கழுவியிருக்கிறார்.
உள்ளே எலுமிச்சைத் துண்டும் தேனும்,
கொஞ்சம் அதிகமாகவே இஞ்சியும்.
சீட்டில் ஒரே வரி:
"அது வேறு கம்பெனி. ஆனால் போன் செய்திருக்கிறேன்."

ஐந்து மாடியும் இறங்கினேன்,
படிக்கு ஒரு தும்மலாக,
ஜாடியைக் கோட்டுக்குள் அணைத்தபடி.
மூடியில் மட்டும்
வெங்காய வாசனை போகவே இல்லை.